எழுத்துப் பிழைக்கு 29,000 ரூபாய்: எஸ்.இ.ஓ. செய்கிறேன் என்று வருபவரிடம் கவனமாக இருங்கள்

வட சென்னையில் சின்னதாக ஒரு கடையும், அதற்கென்று ஒரு இணையதளமும் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். தெரிந்த கடைக்காரர்களுக்கும் அனுப்பி வையுங்கள். எஸ்.இ.ஓ. என்றால் கூகுள் தேடலில் நம் தளத்தை மேலே வரவைக்கும் வேலை. அப்படி எங்கள் கடையை கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் 29,000 ரூபாய் கொடுத்தோம். அவர் சொன்னபடி முதல் இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். உலகத்தில் ஒருவர்கூடத் தேடாத ஒரு சொல்லுக்கு.

காசிமேட்டில் எங்களுடையது கருவாட்டு வியாபாரம். மாமியார் முப்பது வருடமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு இணையதளம் போட்டு, நெத்திலி, வாளை, வஞ்சிரம், சுறா எல்லாம் கூரியரில் அனுப்ப ஆரம்பித்தோம். அந்த வேலை என்னுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும், கருவாட்டுக்குக் கிராக்கி வரும். அதற்குள் கூகுளில் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி செய்துவிட வேண்டும் என்று பிப்ரவரியிலேயே ஆள் தேடினோம். தெரிந்தவர் மூலமாகத்தான் அவர் வந்தார். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் அலுவலகம். பேச்சு மரியாதையாக இருந்தது.

"அக்கா, நம்ம ஜனங்க யாரு ஸ்பெல்லிங் பார்த்து டைப் பண்றாங்க? பத்து தேடல்ல ஒண்ணு தப்பான ஸ்பெல்லிங்தான். இது கூகுளே சொன்னது. சரியா எழுதுற இடத்துல பெரிய பெரிய கம்பெனி உக்காந்திருக்கு. தப்பா எழுதுற இடம் காலியா இருக்கு. அங்க நாம போய் உக்காந்துடணும்."

நான் நம்பியதற்குக் காரணம், அந்தப் பேச்சில் பாதி உண்மை. நம் பக்கத்து ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையை ஆங்கிலத்தில் ஒருவர் வாஷர்மேன்பேட் என்று எழுதுகிறார், இன்னொருவர் வாஷர்மென்பேட் என்கிறார், மூன்றாமவர் தமிழ் உச்சரிப்பையே அப்படியே ஆங்கில எழுத்தில் அடிக்கிறார். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், இராயபுரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். கருவாட்டுக்கும் அப்படித்தான், ஆங்கிலத்தில் இதுதான் சரியான எழுத்து என்று எதைச் சொல்வது? அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

பத்தில் ஒரு தேடலில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று கூகுள் சொன்னது நிஜம். 2020 அக்டோபரில் சொன்னது. ஆனால் எதற்காகச் சொன்னார்கள் என்பதை அவர் விழுங்கிவிட்டார். அந்தப் பிழைகளை இன்னும் நன்றாகத் திருத்துவதற்குப் புதிதாக ஒரு கணினி முறையைக் கொண்டு வந்திருக்கிறோம் என்ற அறிவிப்பின் நடுவில் வந்த கணக்கு அது. தப்பாக அடித்தாலும் பெரும்பாலும் கூகுள் தானாகத் திருத்திக்கொண்டு, சரியான சொல்லுக்கு என்ன காட்டுமோ அதைத்தான் காட்டும். அவர் சொன்ன காலியான இடத்துக்குக் கிட்டத்தட்ட யாரும் போய்ச் சேர்வதே இல்லை. இருபது வருடத்துக்கு முன்பு, தேடுபொறிகள் இவ்வளவு தேறாத காலத்தில், இந்த வித்தை ஓரளவுக்குப் பலித்தது. அந்தக் காலத்துப் பாடத்தைத்தான் எங்களிடம் புதுசு என்று விற்றார்.

மாதம் 6,000 ரூபாய். நாலு மாதத்துக்கு 24,000. விளம்பரத்துக்குத் தனியாக 5,000. எல்லாம் ஜிபேயில், அவருடைய சொந்த எண்ணுக்கு. பில் கேட்டதற்கு, "அனுப்புறேன்க்கா" என்றார். கடைசி வரை வரவில்லை.

முதல் மாத முடிவில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் கடை முதலாவதாக நின்றது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம், மாமியாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். தேடிய சொல் என்ன என்று அப்போது உற்றுப் பார்க்கவில்லை. கருவாட்டின் ஆங்கில எழுத்தில் முதல் 'ஏ'வும் அடுத்த 'யு'வும் இல்லை. பக்கத்தில் சென்னை என்று இருந்தது, அதிலும் ஒரு 'என்' குறைவு.

பின்னால் அதே சொல்லை அதே மாதிரி நானே அடித்துப் பார்த்தேன். எங்கள் கடை கண்ணில் படவே இல்லை. மேலே, "ஷோயிங் ரிசல்ட்ஸ் ஃபார்" என்று போட்டு, திருத்திய சொல்லுக்கான கடைகள் வரிசையாக நின்றன. அதற்கு அடியில் சின்ன எழுத்தில், "சர்ச் இன்ஸ்டெட் ஃபார்" என்று நான் அடித்த தப்பான சொல். அதைத் தொட்டால்தான் நாங்கள் முதலாவதாக வருகிறோம். அந்தப் பிழையை வேறு யாரும் தங்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கவில்லையே, போட்டிக்கு யார் வரப் போகிறார்கள்? அவர் அந்தச் சின்ன வரியைத் தொட்டு, வந்த பக்கத்தைப் படம் எடுத்து, அந்த இரண்டு வரிகளும் தெரியாதபடி மேற்பகுதியை வெட்டி அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பிய எல்லாப் படங்களும் அப்படி வெட்டியவைதான்.

விஷயம் வெளியே வந்ததற்கு ஒரு வாடிக்கையாளர்தான் காரணம். திருவொற்றியூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, எங்களிடம் மாதாமாதம் நெத்திலி வாங்குபவர். மார்ச் கடைசியில் போன் செய்தார். "ஏம்மா, உங்க பக்கத்துல கருவாட்டுக்குப் பெரிய 'று' போட்டிருக்கு, நெத்திலிக்கு 'ளி' போட்டிருக்கு. எழுத்தையே பாத்து எழுதாதவங்க மீனை எப்படிப் பாத்துக் காய வைப்பாங்கன்னு எனக்கே தோணிடுச்சும்மா" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலைப்பிலும் பொருள் பெயரிலும் வேண்டுமென்றே அப்படி மாற்றி வைத்திருந்தார் அந்த ஆள். மாமியாருக்குப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது, "இன்னாமா, நம்ம சரக்கோட பேரையே தப்பா எழுதி வச்சிருக்கானா? முப்பது வருசமா ஒரு மண்ணு ஒட்டாம வித்திருக்கேன்." சாப்பாட்டுப் பொருள் விற்பவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று இன்னொரு வியாபாரிக்குத்தான் புரியும்.

அப்புறம் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் லேப்டாப்பில் எங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் ஏ அழுத்தினான். பக்கத்தின் அடியில், முகவரிக்குக் கீழே, வெறும் வெள்ளையாக இருந்த இடம் முழுக்க நீல நிறத்தில் எழுத்துகள் எழும்பி வந்தன. வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து. கருவாடு, நெத்திலி, வஞ்சிரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை என்று எல்லாவற்றையும் விதவிதமாகச் சிதைத்து, நூற்றுக்கணக்கில் கொட்டி வைத்திருந்தார். இது தவிர, ஊர்ப் பெயரின் ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் ஒரு தனிப் பக்கம். உள்ளே எல்லாம் ஒரே வாசகம். பக்கங்களின் பின்னால், தேடல் சொற்களைக் குறித்து வைக்கிற கீவேர்ட் மெட்டா டேக் என்ற இடத்திலும் இதே குப்பைதான். அந்த டேகைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

விளம்பரப் பணமும் இப்படியே போனது. பிழையான சொற்களுக்கு விளம்பரம் மலிவு என்று சொல்லித்தான் 5,000 வாங்கினார். 2014-இல் இருந்தே, சரியான சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தால் அதன் எழுத்துப் பிழைகளையும் கூகுள் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. தனியாகப் பட்டியல் போட வேண்டிய அவசியமே இல்லை.

பணத்தோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மறைத்து வைத்த எழுத்தும் சொற்களை அள்ளித் திணிப்பதும் கூகுளின் விதிகளுக்கு விரோதமானவை. ஏப்ரல் மூன்றாவது வாரம், தடைக்காலம் தொடங்கிய கையோடு, எங்கள் தளம் தேடலில் இருந்து காணாமல் போனது. கடையின் பெயரை முழுசாக அடித்தாலும் வரவில்லை. கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு பத்து சொற்களைச் சேர்த்து வைத்திருந்ததால் அந்தக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். சர்ச் கன்சோல் என்று கூகுள் இலவசமாகத் தரும் ஒரு வசதி உண்டு. நம் தளம் எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், கூகுள் ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கிறதா, எல்லாம் அதில் தெரியும். அதை அவர் தன்னுடைய மெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை அவருக்குத்தான் போயிருக்கிறது. எங்களிடம் மூச்சு விடவில்லை.

நேரில் போய்க் கேட்டோம். "ஃபர்ஸ்ட் ரேங்க் வரும்னு சொன்னேன், வந்துச்சுல்லக்கா? ஆர்டர் வரும்னு சொன்னேனா?" என்றார். அதற்கு மேல் போனை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், முதலில் கேட்டது பில்லைத்தான்.

தளத்தை எங்கள் பெயரில் சரிபார்த்து, சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தோம். அவர் படம் எடுத்து அனுப்பிய அந்தச் சொற்களுக்கு மூன்று மாதத்தில் ஒரு ஆள்கூட உள்ளே வந்திருக்கவில்லை. அண்ணன் பையனும் நானும் நாலு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். என்ன நடந்தது, எதை எதை எடுத்தோம் என்று எழுதி கூகுளிடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். தடை நீங்கித் தளம் திரும்பத் தெரிய ஆரம்பித்தபோது ஜூன் இரண்டாவது வாரம். தடைக்காலமே முடிகிற நேரம்.

எழுத்துப் பிழைக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கான இடம் நம் தளத்துக்கு உள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி. அதற்கு கூகுள் அளவுக்கு அறிவு கிடையாது. ஒருவர் நெத்திளி என்று அடித்தால் எங்கள் தளம், பொருள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, கடை நிறைய நெத்திலியை வைத்துக்கொண்டு. இப்போது யாருக்கும் தெரியாதபடி பின்பக்கத்தில் அந்தப் பிழைகளைச் சேர்த்து, சரியான பொருள் வருகிற மாதிரி செய்துவிட்டோம். அரைமணி நேர வேலை. ஊர்ப் பெயருக்கும் அப்படியே, முகவரியில் வழக்கமான இரண்டு வடிவங்களையும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு முறை எழுதினோம், போதுமானதாக இருக்கிறது.

யாராவது உங்களிடம் வந்தால், டொமைனும் (உங்கள் இணையதளத்தின் முகவரி) சர்ச் கன்சோலும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த ஆள் இப்போது எம்.சி. ரோடு பக்கம் ஜவுளிக் கடைகளில் ஏறி இறங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அதே மாதிரி ஸ்கிரீன்ஷாட்களைத்தான் காட்டுகிறாராம். படத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அந்தச் சொல்லை அவர் எதிரிலேயே உங்கள் போனில் நீங்களே அடித்து, வேறு எதையும் தொடாமல், என்ன வருகிறது என்று பாருங்கள்.