பவானி ஜமக்காளம்: பிள்ளைகள் உருண்டு புரளும் வீட்டுக்கு ஏற்ற விரிப்பு

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூடத்தில் என்ன விரிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பவானி ஜமக்காளத்தைத்தான் சொல்வேன். அதுவும் பெரியதாக, அடர்ந்த நிறத்தில், கைத்தறியில் நெய்ததாக வாங்கச் சொல்வேன். ஏன் என்பதை விலாவாரியாகவே எழுதுகிறேன். நிறையப் பேர் இதைக் கல்யாண மண்டபத்துச் சாமான் என்று ஒதுக்கிவிட்டு, வெளிர் நிறக் கம்பளத்துக்குப் பல ஆயிரம் கொடுக்கிறார்கள். வாங்கிய மறுநாளிலிருந்து பிள்ளைகளை அதன்மேல் ஏறாதே, சிந்தாதே என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்தில். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், நாலு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். காலையில் இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்தால் தேங்காய்ப்பால் கிண்ணம் ஒன்று நிச்சயம் கவிழும். மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினால் சின்னவனுக்கு ஊட்டிவிடக் கூடாது, அவனே அள்ள வேண்டும். அள்ளுவதில் பாதி வாய்க்குப் போகும், மீதி தொடையிலும் விரிப்பிலும் ஒட்டும். பெரியவள் இப்போது நாட்டுச்சர்க்கரை டப்பாவை எட்டி எடுக்கும் உயரத்துக்கு வந்துவிட்டாள். அவள் எடுத்த அரைமணி நேரத்தில் எறும்புக்கும் சேதி போய்விடும். இத்தனைக்கும் நடுவில் மாமனார் பேப்பர் படிப்பார், அத்தை கடலைக்காய் உரிப்பார், உரித்த தோட்டை சின்னவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தாத்தாவின் செருப்புக்குள் போடுவான்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் தூங்கின பிறகு கூடத்தைப் பார்த்தால் பத்துப் பேர் கூடி விருந்து சாப்பிட்டுப் போன இடம் மாதிரி இருக்கும், அப்போதும் பிடித்திருக்கிறது. செல்போனில் வருகிற வீட்டுப் படங்களில் கைக்குழந்தையும் இருக்கும், சோபாவும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதுதான் இது. ஒன்றரை வயதுப் பையன் உள்ள வீடு எப்படி இருக்குமோ, எங்கள் வீடு அப்படி இருக்கட்டும். அந்த வீட்டுக்குத் தோதான விரிப்பு எது என்பதுதான் கேள்வி.

ஜமக்காளத்துக்கு முன்னால் எங்களிடம் துண்டு துண்டாகக் கோத்து விரிக்கிற ஃபோம் பாய் இருந்தது. மெத்தென்று இருந்தது உண்மை. ஆனால் பெரியவள் தினமும் அதைக் கழற்றி வீடு கட்டினாள், சின்னவன் மூலைகளைக் கடித்துத் துப்பினான். கடித்த துண்டு தொண்டைக்குள் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பால் சிந்தினால் இணைப்பு வழியாக அடியில் இறங்கிப் புளித்த வாடை வரும். பிளாஸ்டிக் பாயைத் துடைப்பது சுலபம், ஆனால் சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வியர்க்கும். கோரைப்பாய் குளிர்ச்சிதான், எனக்கும் பிடிக்கும். ஒரு கோரை முறிந்தால் போதும், தவழ்கிற குழந்தையின் உள்ளங்கையில் குத்திவிடும்.

ஜமக்காளம் வாங்க பவானிக்கே போகலாம் என்று சொன்னவர் அத்தை. கவுந்தப்பாடி வழியாகப் பஸ்ஸில் போனோம். கூடுதுறையில் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு தறிக்கூடத்துக்கும் போனோம். குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். குறுக்கு நூலைக் கொண்டு போகிற கட்டைக்கு நாடா என்று பெயர், ஒருவர் தள்ளுகிற நாடாவை இன்னொருவர் வாங்கித் திருப்பி அனுப்புகிறார். சின்னவன் அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய் என் இடுப்பிலிருந்து இறங்கத் திமிறினான். “கொழந்தயத் தறிப்பக்கம் உடாதீங்கம்மணி, நாடா பட்டுரும்” என்றார் நெய்துகொண்டிருந்த பெரியவர். அப்புறம் அவரே தறியை நிறுத்திவிட்டு, சிவப்பு நூல் கண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தார். ஊர் வந்து சேரும்வரை அதை அவன் விடவே இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து குவிந்தபோது, அதோடு போட்டி போட முடியாத நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கியதுதான் பவானி ஜமக்காளத்தின் கதை. 2005-06-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்றே சில ரகங்களை ஒதுக்கி வைத்த 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு பவானி என்ற பெயரில் கடைகளில் தொங்குகிறது. என் தங்கை வேறு ஊரில் ஒரு கடையில் அப்படித்தான் ஏமாந்தாள். எடையே இல்லை, சீக்கிரமே நடுவில் இற்றுவிட்டது. வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுடையதில் பச்சைப் பட்டை ஓரிடத்தில் சற்று ஏறி இறங்கி இருக்கிறது, எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்த இடம். விலை அளவையும் நூலையும் பொறுத்து மாறும். நாங்கள் வாங்கிய ஆறுக்கு ஒன்பது அடி விரிப்புக்கு இரண்டாயிரத்தை ஒட்டி ஆனது. இரண்டு பேர் உட்கார்ந்து மிதித்து நெய்ததற்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. தறியில் உட்கார இப்போது இளவட்டங்கள் வருவதில்லை, கூலி கட்டுபடியாகாமல் திருப்பூர் கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார். ஆகவே பேரம் பேசாமல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, வீட்டில் அது எப்படி உழைக்கிறது? முரட்டுப் பருத்தி நூல் என்பதால் சிந்தியதை உறிஞ்சிக்கொள்கிறது. பால் கொட்டினால் கூடம் முழுக்க ஓடாது, விழுந்த இடத்திலேயே நிற்கும். அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் இரண்டு தடவை ஒற்றி எடுத்தால் போதும். சோற்றுப் பருக்கையைக் காய விட்டு உதறினால் உதிர்ந்துவிடும், ஈரத்தில் தேய்த்தால்தான் அப்பும். சின்னவன் ஒன்றுக்குப் போனால் அந்த மூலையை மட்டும் தண்ணீர் விட்டு அலசி வெயிலில் போடுவோம், மறுபடி விரிக்கும்போது பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, கருநீலம் என்று பட்டைகள் இருப்பதால் பருப்புக் கறையும் மஞ்சள் கறையும் கண்ணை உறுத்துவதில்லை.

ஆனால் இந்த ஜமக்காளத்தின் முழுப் பயனைக் கண்டுபிடித்தது என் மகள். அவளுக்கு இந்தப் பட்டைகள் ஒவ்வொன்றும் ஓர் இடம். கருநீலம் பவானி ஆறு. அதை ஒட்டிய பச்சை தடப்பள்ளி வாய்க்கால். சிவப்பு பஸ் போகிற ரோடு, சத்தியமங்கலத்துக்கும் போகும், ஈரோட்டுக்கும் போகும். தீப்பெட்டிதான் பஸ். கடலைக்காய்கள் பிரயாணிகள். தம்பி குறுக்கே தவழ்ந்து வந்தால் வெள்ளம், எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டும். முதலில் அவளுக்கு அழுகை வந்தது, இப்போது வெள்ளம் வராவிட்டால்தான் கோபம். “தம்பியத் தூக்கிட்டு வாங்கம்மா, வாய்க்காலுக்குத் தண்ணி உடோணும்” என்று அடுப்படிக்கு வந்து நிற்கிறாள். மாமனார் அவள் கேட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு கொடிவேரி அணையாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறார். நிஜமாகவே தடப்பள்ளி வாய்க்கால் கொடிவேரியில்தான் பிரிகிறது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

பாரியூர் அம்மன் கோயில் குண்டம் என்கிற தீமிதித் திருவிழாவுக்குச் சொந்தமெல்லாம் வந்துவிடும். கட்டிலுக்கு எங்கே போவது? இதை விரித்து, பொடுசுகளை எல்லாம் குறுக்கே வரிசையாகப் படுக்கப் போட்டுவிடலாம். ஒருவர் கால் ஒருவர் வயிற்றில் கிடக்கும், யாருக்கும் புகார் இல்லை. பெரியவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து நடுராத்திரி வரைக்கும் ஊர்க்கதை பேசுவார்கள்.

சின்னவன் தவழ்வதற்கு முன் குப்புறப் படுத்துப் பழகியதும் இதில்தான். நகரத் தொடங்காத குழந்தைகளை, முழித்திருக்கும்போது நாளைக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் வீட்டுக் கிழவிகள் எந்நாளும் செய்ததுதான். அதற்கு மெத்தையைவிடத் தரை விரிப்பு நல்லது, கை ஊன்றினால் அமுங்காது. யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும், அது மட்டும்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புது ஜமக்காளம் சொரசொரப்பாக இருக்கும், தவழ்கிற குழந்தைக்கு முட்டி சிவந்துவிடும். சில தடவை அலசிய பிறகுதான் மெத்தென்று ஆகும். அதுவரைக்கும் மேலே பழைய நூல் சேலை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், அத்தை அப்படித்தான் செய்தார். முதல் அலசல்களில் சாயம் போகும், அதனால் தனியாகத்தான் நனைக்க வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கும், இது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம். ஓடி வருகிற பிள்ளை விரிப்போடு சேர்ந்து சறுக்கிப் போகும். நாங்கள் ஒரு பக்கத்தைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, மறுபக்கத்துக்கு அடியில் ரப்பர் வலை போட்டிருக்கிறோம். சிமெண்டுத் தரை என்றால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும்விட ஓரத்துக் குஞ்சம். கைக்குழந்தை அதைத்தான் முதலில் வாயில் வைக்கும். பிரிந்த நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், நாமும் சட்டென்று கவனிக்க மாட்டோம். ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு ஓரத்தையும் மடித்து அடித்துவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

துவைப்பதுதான் பெரிய வேலை. நனைந்துவிட்டால் ஒரு ஆள் தூக்க முடியாது, ஆறுக்கு ஒன்பது எங்கள் வாஷிங் மெஷினுக்குள் போகவே போகாது. அத்தை தம் பிறந்த வீட்டில் வாய்க்காலில் தண்ணீர் விடுகிற காலம் பார்த்து மொத்தமாக அலசிப் போடுவார்களாம். எங்களுக்கு மொட்டைமாடிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க, பிள்ளைகள் இருவரும் வழிகிற தண்ணீரில் குதித்து முழுக்க நனைந்துவிடுவார்கள். “ஏனுங்க, நல்லா இறுக்கிப் புடிங்க” என்று நான் சொல்ல, அவர் வேண்டுமென்றே தளர்த்தி மகள் தலையில் தண்ணீர் கொட்ட வைப்பார். துவைத்து முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும், நால்வருக்கும் துணி மாற்ற வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காக யாராவது ஜமக்காளம் வேண்டாம் என்றால் எனக்குப் புரியும். எனக்கு அந்தக் காலைப்பொழுதே பிடித்துப்போய்விட்டது.

எந்த அளவு வாங்குவது என்றால், மூன்றுக்கு ஆறு வேண்டவே வேண்டாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது சண்டைக்குத்தான் உதவும். கூடம் கொள்ளுகிற அளவுக்குப் பெரியதாக எடுங்கள். பட்டுப்போன்ற நூலில் பூ விளிம்பு போட்ட ரகமும் உண்டு, கண்ணைப் பறிக்கும், ஆனால் பரிசு கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வெறும் பட்டை போட்ட முரட்டு நூல் ரகம்தான் சரி. பவானிக்குப் போக முடியாதவர்கள் கோ-ஆப்டெக்ஸில் கேட்டுப் பார்க்கலாம், பண்டிகைச் சமயத்தில் தள்ளுபடியும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் முழுசாக நனைத்துவிடாதீர்கள். உள்நூல் காயாமல் மடித்தால் வாடை பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் உதறி, தட்டி, வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் மாடிச் சுவரில் போட்டு எடுத்தாலே தாக்குப்பிடிக்கும்.