மறுமுறை எலும்பு மஜ்ஜை மாற்று: அதே கொடையாளியா, புதியவரா?

தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற ரத்த நோய் உள்ள குழந்தைக்கு முதல் மாற்று கைகூடாதபோது பெற்றோரைக் குழப்பும் கேள்வி இது. முதலில் கைமரிசம் பரிசோதனை முடிவைப் பாருங்கள். ரத்தத்தில் ஓடுவது கொடையாளியின் செல்களா, குழந்தையுடையவையா என்பதை அது காட்டிவிடும்.

செல்கள் கொடையாளியுடையவைதான், ரத்த அணுக்களின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை என்றால் அதே கொடையாளியே நல்லது. அவரிடமிருந்து கூடுதல் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து ஏற்றுவார்கள். பெரும்பாலும் கடுமையான கீமோ தேவைப்படாது. முதல் மாற்றில் அடிபட்ட பிஞ்சு உடலுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

குழந்தையின் உடல் கொடையாளியின் செல்களை நிராகரித்திருந்தால் கதை வேறு. குழந்தையின் எதிர்ப்புச் செல்கள் பழைய கொடையாளியை ஏற்கெனவே அடையாளம் கண்டுவைத்திருக்கும். அப்போது புதியவரைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திசு வகை முழுதாகப் பொருந்த ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் 25% வாய்ப்புதான். அப்புறம் இருப்பது பாதி பொருந்தும் அப்பா அல்லது அம்மா. மாற்றுக்குப் பின் 3, 4-ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுக்கும் முறை வந்த பிறகு இது பல குழந்தைகளுக்குச் சாத்தியமாகியிருக்கிறது. பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு அந்தப் பெற்றோருக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வேறு ஆளே இல்லையா? சரி, மாற்றுக்கு முன் கொடுக்கும் தயாரிப்பு மருந்துகளை மாற்றி, எதிர்ப்பாற்றலை இன்னும் நன்றாக அடக்கி, பழைய கொடையாளியிடமே போவதும் உண்டு. நிராகரிப்பு என்று தெரிந்தும் அதே மருந்துத் திட்டத்தை அப்படியே திரும்பச் செய்வதாகச் சொன்னால், ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.