கிரே ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடை: தூசியைத் தாங்கினால் போகலாம்

டர்பன் கிரே ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் (பெயரை மாற்றி வருடங்கள் ஆனாலும் நமக்கு அது கிரே ஸ்ட்ரீட்தான்) ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. மின்விசிறி கிடையாது. கார்டு மெஷின் பாதி நாள் வேலை செய்யாது, கையில் காசு கொண்டுபோங்கள்.

ஆனாலும் 4 நட்சத்திரம் கொடுக்கிறேன், காரணம் 90 ராண்டுக்குக் கிடைத்த ஒரு புத்தகம். யான் கொல்லார் என்ற ஸ்லோவாக் அறிஞரைப் பற்றியது. 1793இல் மோஷோவ்ட்சே ஊரில் பிறந்தவர், 1819 முதல் 30 வருடம் ஹங்கேரியின் பெஷ்ட் நகரில் லூத்தரன் போதகராக இருந்துகொண்டே தன் ஜனங்களின் நாட்டுப்பாடல்களைச் சேர்த்து 1834, 35இல் இரண்டு தொகுதிகளாக அச்சில் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் வியன்னாவில் பேராசிரியர், 1852இல் அங்கேயே இறந்தார். எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்தில் பாடியதில் எனக்கு ஞாபகம் இருப்பது ரெண்டே வரி, எழுதி வைக்க இங்கே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, கடைக்கு வருவோம். கடைசிப் பக்கங்களைப் பூச்சி அரித்திருந்தது, வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். கேட்டால் விலை குறைப்பார். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.