துக்க வீட்டில் மூன்று பொம்மைப் படங்கள்

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த பிறகும் அக்கா மகன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பவில்லை. செல்லூர் வீட்டிலேயே இருந்தான். தாத்தா மேல் அவனுக்கு உயிர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் 'ரிக் அண்ட் மார்ட்டி' மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, "இதை எத்தனை தடவைதான் பார்க்கிறது மாமா? நீங்க சொன்ன அந்தக் குதிரை சீரியலைப் பார்க்கவா, இல்ல அவதாரா?" என்று கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரிக், அந்தக் குதிரை சீரியலான 'போஜாக் ஹார்ஸ்மேன்', 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' மூன்றும் பொம்மைப் படங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கார்ட்டூனுக்கு வைத்த பேர் அது. 2007-இல் சுட்டி டிவி வந்து டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசத் தொடங்கியபோது, பொம்மைப் படம் என்றால் பிள்ளைகள் சோறு தின்பதற்காகப் போடுவது என்றே வீடுகளில் ஆகிப்போனது. ஆனால் இந்த மூன்றிலும் சாவு இருக்கிறது, குற்ற உணர்ச்சி இருக்கிறது, பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை இருக்கிறது. சிரிப்பும் ஏராளம். எது அதிகம் சிரிக்க வைக்கிறது, எது அதிகம் அழ வைக்கிறது என்று எடை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. துக்கம் உள்ளே வரும்போது சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு நாடகத்திலிருந்து வந்தது. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். திருவிழாவுக்கு வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ போடுவார்கள். ராத்திரி பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் எடுக்கும். முதலில் பபூன், அப்புறம் டான்ஸ் ஆடும் பெண். நடுச்சாமம் வரை ஊரே சிரிக்கும். அதற்குப் பிறகுதான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். பபூன் வந்ததும் அப்பா என்னை உலுக்கி எழுப்பிவிடுவார். சந்திரமதி, செத்துப்போன மகன் லோகிதாசனுக்காக அழும் நேரத்தில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். நான் அப்பாவின் துண்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பேன். சிரிப்பைக் கண்ணால் பார்த்தேன், அழுகையைத் தூக்கத்தில் காதால் கேட்டேன். பாவைக்கூத்தில் இப்படி இல்லை. ராமாயணம் ஓடும்போது நடுவிலேயே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்கிற கோமாளிகள் திரையில் குதித்துவிடுவார்கள். அழுத கண்ணைத் துடைப்பதற்குள் சிரிக்க வேண்டியிருக்கும்.

சரி, ரிக்கிலிருந்து தொடங்குகிறேன், பையன் அதில்தானே மாட்டிக்கிடந்தான்.

'ரிக் அண்ட் மார்ட்டி' 2013 டிசம்பரில் அடல்ட் ஸ்விம் சேனலில் தொடங்கியது. டான் ஹார்மனும் ஜஸ்டின் ராய்லண்டும் உருவாக்கியது. தாத்தா ரிக் பெரிய விஞ்ஞானி, பெரிய குடிகாரர். பேரன் மார்ட்டியை இழுத்துக்கொண்டு அண்டம் அண்டமாகச் சுற்றுவார். இதில் சிரிப்பு வாசற்படியில் நின்று துக்கத்தை உள்ளே விடாமல் மறிக்கும் ஆள். ரிக் அடிக்கடி கூவும் 'வப்பா லப்பா டப் டப்' வெறும் உளறல் என்று ஒரு சீசன் முழுக்கச் சிரித்திருப்போம். அது பறவை மனிதன் ஒருவனுடைய மொழி, 'நான் பெரிய வலியில் இருக்கிறேன், உதவி செய்யுங்கள்' என்று அதற்கு அர்த்தம், என்று அந்த சீசனின் கடைசி எபிசோடில் போகிறபோக்கில் சொல்வார்கள். அக்கா மகனிடம் அந்த வாசகம் போட்ட டி-ஷர்ட் இருக்கிறது. அப்பாவை எடுத்த மறுநாள் அதைத்தான் போட்டிருந்தான்.

2017-இல் வந்த 'பிக்கிள் ரிக்' எபிசோடை இந்தத் தொடரின் உச்சம் என்பேன். குடும்பத்தோடு மனநல ஆலோசகரிடம் போவதைத் தட்டிக்கழிக்க, ரிக் தன்னையே ஊறுகாய் வெள்ளரிக்காயாக மாற்றிக்கொள்கிறார். சாக்கடையில் விழுந்து, கரப்பான்பூச்சி மூளையையும் எலி உடம்பையும் வைத்துக் கை கால் செய்து, ஒரு கொலைக்களத்தையே தாண்டி, கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த அறைக்கே வந்து சேர்கிறார். ஆலோசகர் சத்தம் போடாமல் பேசுகிறார்: குடும்பத்தைப் பழுது பார்ப்பது பல் விளக்குவது மாதிரி தினசரி வேலை, அதில் சாகசம் எதுவும் கிடையாது; சிலருக்கு அது ஒத்துவரும், சிலருக்கு அதைவிடச் செத்துப்போவது மேல். ரிக்கிடம் பதில் இல்லை. ஆனால் திரும்பி வரும் காரில், இனியும் அங்கே போவோமா என்று பிள்ளைகள் கேட்க, ரிக்கும் மகளும் எங்கே குடிக்கப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நின்ற ஆள் மறுபடியும் கதவைச் சாத்திவிட்டான். அடுத்த ஆண்டு இந்த எபிசோடுக்கு எம்மி விருது கிடைத்தது.

இதில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. கணக்கில்லாத உலகங்கள் இருப்பதால் எந்த உயிருக்கும் மாற்று இருக்கிறது. முதல் சீசனில் தங்கள் உலகத்தையே கெடுத்துவிட்டு, தாங்கள் அப்போதுதான் செத்த இன்னொரு உலகத்துக்குப் போய், தங்கள் பிணத்தைத் தாங்களே கொல்லையில் புதைத்துவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி அந்த வீட்டிலேயே குடியேறுவார்கள். மார்ட்டி பேயறைந்தவன் போல சோபாவில் உட்காரும் அந்தக் காட்சி ரத்தத்தை உறைய வைக்கும். அதே உத்தியைத் திரும்பத் திரும்பக் கையாளும்போது சாவின் கனம் குறைந்துகொண்டே போகிறது. அப்பாவுக்கு மாற்று அப்பா எந்த உலகத்திலும் இல்லை என்று தெரிந்துகொண்டவனுக்கு இது பசி தீர்க்காது.

'போஜாக் ஹார்ஸ்மேன்' வேறு ரகம். நெட்ஃபிளிக்ஸில் 2014 முதல் 2020 வரை 6 சீசன்கள். ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க் உருவாக்கியது, உருவங்களை வரைந்து கொடுத்தவர் லிசா ஹனவால்ட். 90-களில் டிவி காமெடித் தொடர் ஒன்றில் கொடிகட்டிப் பறந்த நடிகர், இப்போது மலைமேல் பெரிய வீட்டில் குடித்துக்கொண்டு கிடக்கிறார். அவர் ஒரு குதிரை. மனிதரும் மிருகங்களும் சரிசமமாக நடமாடும் ஊர் அது. முதல் சீசனின் முதல் பாதி சாதாரணமாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடு சீசன்களில் போஜாக் திருந்துவதும் கெடுவதும் சுற்றிச் சுற்றி வருவது சில நேரம் அலுக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

அப்பா நான்கு நாள் ஐசியூவில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பில் மூன்று எழுத்து. ராத்திரி பகல் என்றில்லாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். 2018-இல் வந்த 'ஃப்ரீ சுரோ' எபிசோடை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு முழுசாகப் புரிந்தது. தொடக்கத்தில் வரும் ஒரு பழைய நினைவைத் தவிர, முழு எபிசோடும் போஜாக் தன் அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில் நின்று பேசுவது மட்டும்தான். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள், ஒரே குரல். அம்மா செத்த அன்று ஒரு பர்கர் கடையில் நின்றாராம். முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்னாச்சு என்று கேட்ட கடைப்பெண், விஷயம் தெரிந்ததும் சர்க்கரை தூவிய சுரோ என்கிற பலகாரம் ஒன்றைச் சும்மா கொடுத்தாளாம். அம்மா வாழ்நாள் முழுக்கக் காட்டாத பிரியத்தை அந்தப் பெண் காட்டிவிட்டாள் என்கிறார். பெருமையாக இருந்தால் ஒரு தடவை தட்டு என்று சவப்பெட்டியிடமே கேட்கிறார். பெட்டி தட்டவில்லை.

அம்மா கடைசியாகச் சொன்னது 'ஐ சீ யூ'. உன்னைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். வாழ்க்கையில் ஒருநாளும் தன்னை ஏறெடுத்துப் பார்க்காத அம்மா கடைசியில் பார்த்துவிட்டாளோ என்று அந்த மூன்று சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு குடைகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பொறி தட்டுகிறது: அவள் அறை வாசலில் இருந்த பலகையைத்தான் படித்திருக்கிறாள். ஐசியூ.

இதைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கலாம். காமெடி எழுத்தாளர் எவருக்கும் வரக்கூடிய நகைச்சுவைதான். ஆனால் அவ்வளவு சின்னச் சொல் விளையாட்டு ஒரு மனிதனின் கடைசி நம்பிக்கையைப் பறித்துக்கொண்டு போகிறது. சிரிப்பு வந்து நிற்கும் அதே இடத்தில்தான் காயமும் இருக்கிறது. ரிக்கில் சிரிப்பு காயத்தை மூடுகிறது. இங்கே சிரிப்புதான் காயத்தைத் திறக்கிறது. எபிசோட் இன்னொரு நகைச்சுவையோடு முடியும். பார்க்கப் போகிறவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

இது எங்கள் சாவு வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கூடத்தில் ஐஸ் பெட்டியில் அப்பா. வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டீ வந்தபோது சித்தப்பா ஆரம்பித்தார்: அண்ணன் ஒருநாள் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று டிவிஎஸ் 50-ஐத் திருப்பரங்குன்றத்திலிருந்து செல்லூர் வரை தள்ளிக்கொண்டே வந்தார், வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்ரோல் பைப்பைத் திறக்கவே இல்லை. பந்தலே சிரித்தது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்தி, "திருப்பரங்குன்றம் இல்ல, பசுமலையில இருந்து" என்று ஜன்னல் பக்கம் திரும்பித் திருத்திவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி அழத் தொடங்கினாள். அந்தச் சிரிப்புக்கும் அந்த அழுகைக்கும் நடுவில் சுவர்கூட இல்லை. போஜாக்கை எழுதியவர்கள் பிடித்திருப்பது இதைத்தான்.

போஜாக்குடைய அம்மாவின் மறதி நோயை 'டைம்ஸ் ஆரோ' என்கிற 2017 எபிசோடில் அவள் மண்டைக்குள்ளிருந்தே காட்டுவார்கள்; நினைவில் நிற்காத ஆட்களுக்கு முகம் இருக்காது, ஒரு பெண்ணின் முகத்தைக் கிறுக்கி அழித்திருப்பார்கள். வாழ்நாள் வன்மத்தோடு வந்த போஜாக், நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்டதும், சின்ன வயதில் அவள் சந்தோஷமாக இருந்த ஏரிக்கரை வீட்டில் இருப்பதாகவும் கையில் ஐஸ்கிரீம் இருப்பதாகவும் பொய் சொல்கிறார். மன்னிக்கவில்லை. பொய் மட்டும் சொல்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு துளியும் கிடையாது, அது சரிதான்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போஜாக்கில் ஆங்கில நா பிறழ் வாக்கியங்களும் சிலேடைகளும் அடுக்கடுக்காக வரும், சப்டைட்டில் வைத்தாலும் எனக்குப் பாதி நழுவிவிடும். பின்னணியில் மிருகங்கள் செய்யும் சேட்டைக்கு மொழி தேவையில்லை. கடலுக்கடியில் நடக்கும் 2016 எபிசோட் ஒன்றில் கிட்டத்தட்ட வசனமே இல்லை. ஆங்கிலம் தயங்குகிறவர்கள் அதைத் தனியாக எடுத்தே பார்க்கலாம். ரிக் திக்கித் திக்கி ஏப்பம் விட்டுக்கொண்டே பேசுவது காதுக்குக் கஷ்டம். அவதார் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கே பிடிபடும். முதல் இரண்டும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தமாகப் போடக் கூடாதவை.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்தது, 3 சீசன், 61 எபிசோட். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் உருவாக்கியது. பிள்ளைகளுக்கான தொடர், ஆனால் மூன்றாவது எபிசோடிலேயே கதாநாயகனான 12 வயது ஆங், தன்னை வளர்த்த குருவின் எலும்புக்கூட்டைப் பார்க்கிறான். நூறு வருஷம் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவனுக்குத் தன் இனமே அழிக்கப்பட்டது அப்போதுதான் உறைக்கிறது. இங்கே சிரிப்பு பாவைக்கூத்துக் கோமாளி மாதிரி வந்து போகும். எந்த ஊருக்குப் போனாலும் முட்டைக்கோஸ் வண்டி கவிழ்ந்து, வியாபாரி "என் முட்டைக்கோஸ்!" என்று கத்துவார். ஆங்கின் கூட்டாளி சோக்காவின் காதலி உலகத்தைக் காப்பாற்ற நிலாவாகவே ஆகிவிடுகிறாள். ரொம்ப நாள் கழித்து அவன் அதை, முன்பு எதிரியாக இருந்த ஸூக்கோவிடம் சொல்ல, ஸூக்கோ என்ன சொல்வதென்று தெரியாமல் 'கஷ்டம்தான்ப்பா' என்கிற மாதிரி ஒன்று சொல்வான். சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும், சோக்காவின் துக்கமும் குறையாமல் அப்படியே இருக்கும். துக்கம் சொல்ல வந்த நம் பையன்களும் அதைத்தானே சொல்லத் தெரியாமல் சொன்னார்கள்.

தீராத முடிச்சுக்குக் கடைசி எபிசோடுகளில் திடீரென்று ஒரு புது வித்தையைக் கொண்டுவந்து தீர்த்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. எதிரி ராஜாவைக் கொல்வதா வேண்டாமா என்று ஆங் படும் பாட்டை இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்து எழுதியிருக்கலாம். ஆனால் ஐரோ என்கிற அந்தப் பெரியவர் ஒருவருக்காக இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன். ஒரு காலத்தில் தளபதியாக பா சிங் சே நகரத்தை முற்றுகையிட்டு, அங்கேயே மகனைப் பறிகொடுத்தவர். பிறகு அதே ஊரில் டீக்கடையில் வேலை பார்க்கிறார்.

அன்றைக்குப் பையனிடம், முதலில் அவதார், ஆறு மாதம் கழித்துக் குதிரை என்று சொன்னேன். ஐரோ வரும் 2006 எபிசோடை மறுநாள் சாயங்காலம் கூடத்து டிவியில் போட்டான். பல சின்னக் கதைகள் சேர்ந்த எபிசோட் அது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. தெருவில் அழும் குழந்தைக்கு ஐரோ ஒரு பாட்டுப் பாடுகிறார், குழந்தை அழுகையை விட்டுவிட்டு அவர் தாடியைப் பிடித்து இழுக்கிறது. அம்மா சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு குன்றின் மேல் மரத்தடியில் மகன் படத்தை வைத்து ஊதுபத்தி ஏற்றுகிறார். அன்று மகனுடைய பிறந்தநாள். அதே பாட்டைப் பாடத் தொடங்கி, பாட முடியாமல் உடைந்துபோகிறார். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ அந்த ஆண்டுதான் இறந்தார். அந்தப் பகுதியை அவருக்கே காணிக்கையாக்கினார்கள்.

அம்மா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "மகனாடா?" என்றாள்.

"ஆமா அம்மாச்சி. போர்ல செத்துட்டான்."

"பெத்தவரு இருக்கையிலயா?" கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தாத்தா வர்றதை மட்டும் இன்னொரு வாட்டி போடு" என்றாள். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடினான்.