கை ரேடியோவைக் கம்ப்யூட்டரோட பேச வெச்ச கேபிள், நாலு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

என்கிட்ட இருக்கிறது ஐகாம் கம்பெனியோட ஐசி-ஆர்10, தொண்ணூறுகள்ல வந்த கை ரிசீவர், அரை மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 1300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், ஏஎம் எஃப்எம் மட்டுமில்ல சைட்பேண்டும் சிடபிள்யூவும் (மோர்ஸ் கேக்குறதுக்கு) உண்டு, அலைவரிசைய சேத்து வைக்கிற மெமரி ஆயிரம். வயசாயிருச்சு ஆனா காது இன்னும் நல்லா இருக்கு. இத கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டணும்ங்கிறது ரொம்ப நாள் ஆசை, ஏன்னா ஆயிரம் மெமரி இருந்தும் விரல்ல ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டு இருந்தா ஒரு ராத்திரியில எத்தனை தான் கேக்க முடியும்.

இப்ப நான் எழுதுறது ஒரு கேபிள பத்தி. ஒரு முனையில யுஎஸ்பி, இன்னொரு முனையில சின்ன ஜாக், நடுவுல கட்டைவிரல் சைஸ்ல ஒரு கருப்பு டப்பா, டப்பாக்குள்ள எஃப்டிடிஐ கம்பெனியோட எஃப்டி232ஆர்எல் சிப், யுஎஸ்பிய சீரியலா மாத்துறது. ஐகாமோட சிஐ-ஃபைவ் போர்ட்டுக்குன்னே செஞ்சது, அதாவது ரேடியோவ கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டுறதுக்கு ஐகாம் வெச்சிருக்கிற ஓட்டை. முதல்லயே சொல்லிடுறேன், இது நல்ல கேபிள், குறை இருக்கு, அதுக்கும் வரேன். ஆனா இதுக்கு முன்னாடி வாங்கின கேபிளோட கதைய சொல்லாம இதோட அருமை புரியாது.

முதல் கேபிளும் பாக்க இதே மாதிரி தான், அதே ஜாக், அதே நீளம். சொருகினேன், கம்ப்யூட்டர்ல காம் போர்ட் (சீரியல் போர்ட்) வந்துச்சு, ரேடியோவுலயும் வேகத்த 9600னு வெச்சேன், செகண்டுக்கு அத்தனை பிட், டெர்மினல் புரோகிராம்ல கமாண்ட் அனுப்பினேன், ரேடியோ டிஸ்ப்ளேல நம்பர் டக்குனு மாறுச்சு. அந்த சந்தோஷத்த எப்படி சொல்றது, இருபது வருஷத்துக்கு மேல ஆன ஒரு கருவி மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் தொடாம தானா மாறுது. ஸ்க்ரீன்லயும் பைட்டுங்க திரும்பி வந்துச்சு, சரி பதில் வருதுன்னு நெனச்சேன். அப்புறம் "இப்ப எந்த அலைவரிசைல இருக்க"ன்னு கேட்டா நான் அனுப்பினதே திரும்பி வருது, வேற ஒண்ணும் வரல. சிக்னல் அளவு கேட்டாலும் அதே கதை. ரெண்டு வாரம் புரோகிராம்ல தான் தப்புன்னு அதையே கிண்டிக்கிட்டு இருந்தேன்.

விஷயம் என்னன்னா சிஐ-ஃபைவ்ல அனுப்புறதுக்கும் வாங்குறதுக்கும் சேத்து ஒரே ஒயர் தான், கூட ஒரு கிரவுண்ட், அவ்ளோதான். கிணத்துல ரெண்டு பேருக்கு ஒரே கயிறு மாதிரி. யாரும் பேசாதப்ப ஒயர் மேல 5 வோல்ட்ல நிக்கும், பேச வேண்டியவங்க அத கீழ இழுத்து விட்டு பேசணும், மத்தவங்க கைய எடுத்துடணும். கைய எடுக்கிறதுங்கிறது தான் முக்கியம். ஒரே ஒயர்ங்கிறதால நாம அனுப்புறது நமக்கே திரும்பி வரும், அது ரேடியோவோட பதில் கிடையாது, நம்ம எதிரொலி. சாதாரண யுஎஸ்பி டிடிஎல் (0, 5 வோல்ட்ல பேசுற) சிப் என்ன பண்ணும்னா சும்மா இருக்கும்போதும் ஒயர மேல பிடிச்சுக்கிட்டே இருக்கும். ரேடியோ பதில் சொல்ல ஒயர கீழ இழுக்கும், சிப் விடாது, ரேடியோவுக்கு வாயிருந்தும் பேச முடியாது. ரேடியோ சொன்ன பேச்ச கேக்குது, பதில் மட்டும் வரலன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இத தான்.

டப்பாவ கத்தியால பொளந்து பாத்தேன். போர்டுல ரெண்டு பேட், ஒண்ணு அனுப்புறது ஒண்ணு வாங்குறது, ரெண்டையும் ஒரு ஈயப் பொட்டு வெச்சு நேரா ஒட்டி விட்டிருக்காங்க. நடுவுல டையோடு இல்ல, டிரான்சிஸ்டர் இல்ல, ஒண்ணுமே இல்ல. வித்தவங்களுக்கு எழுதினேன், "ஜாக் பொருந்துதா"ன்னு திருப்பிக் கேட்டாங்க. ஜாக் பொருந்துது, அதான் பிரச்சனையே, பொருந்தினதால தான் ரெண்டு வாரம் போச்சு. சால்டரிங் தெரிஞ்சவங்க இத சரி பண்ணிக்கலாம், அந்த ஈயத்த எடுத்துட்டு, வாங்குற காலை நேரா ஒயர்ல சேத்து, அனுப்புற காலுக்கும் ஒயருக்கும் நடுவுல ஒரு டையோடு (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுறது), கோடு போட்ட பக்கம் அனுப்புற கால பாத்து இருக்கணும், அப்ப சிப்பால கீழ இழுக்க மட்டும் தான் முடியும், மேல பிடிச்சு வைக்க முடியாது.

இப்ப இருக்கிற கேபிள்ல அந்த வேலைய ஒழுங்கா செஞ்சிருக்காங்க, டிரான்சிஸ்டர் போட்டு. சொருகின அன்னைக்கே கமாண்ட் அனுப்பினேன், பதினாறு அடிமான எண்ல (ஹெக்ஸ்), ஒவ்வொரு ஜோடியும் ஒரு பைட்:

எஃப்இ எஃப்இ 52 இ0 03 எஃப்டி

ரெண்டு எஃப்இ ஆரம்பம், 52ங்கிறது ஆர்10ஓட முகவரி, இ0 கம்ப்யூட்டரோட முகவரி, 03ன்னா அலைவரிசை என்னன்னு கேள்வி, எஃப்டி முடிவு. முதல்ல அதே வரி அப்படியே திரும்பி வந்துச்சு, அது எதிரொலி. அதுக்கு பின்னாடியே இன்னொரு வரி:

எஃப்இ எஃப்இ இ0 52 03 00 00 50 45 01 எஃப்டி

இத பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டேன். முகவரி ரெண்டும் இடம் மாறியிருக்கு பாருங்க, முதல்ல இ0 அப்புறம் 52. யாருக்கு எழுதுறோமோ அவங்க பேரு முதல்ல வரும், எழுதுறவங்க பேரு அடுத்து, அதனால இ0 முன்னாடி வந்தா அது ரேடியோ தன் வாயால சொன்னது. நடுவுல இருக்கிற 00 00 50 45 01ங்கிறத பின்னாடி இருந்து படிங்க, 01 45 50 00 00, அதாவது 145.500 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ டிஸ்ப்ளேலயும் அதே தான். புதுசா யாராவது இத ஆரம்பிச்சா புரோகிராம் எல்லாம் அப்புறம், முதல்ல இந்த ஒரு கேள்விய கையால அனுப்பி ரெண்டு வரி வருதான்னு பாருங்க. ஒரு வரி மட்டும் வந்தா கேபிள் தப்பா இருக்கலாம், இல்ல முகவரியோ வேகமோ ஒத்துப்போகல. வரியே வரலன்னா கேபிள் வரைக்கும் கூட போகல, டிரைவர பாக்கணும்.

வேகத்த பத்தி நெறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு, 9600 ரொம்ப மெதுவு இல்லயான்னு. கணக்கு போட்டுப் பாத்தா ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட் ஸ்டாப் எல்லாம் சேத்து 10 பிட், ஒரு பைட் போக ஒரு மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. அலைவரிசை மாத்துற கமாண்ட் 11 பைட், சரின்னு ரேடியோ சொல்ற பதில் 6 பைட், மொத்தம் 18 மில்லிசெகண்ட் கூட ஆகல. உண்மையில நேரம் வேற இடத்துல போகுது. இந்த எஃப்டிடிஐ சிப்போட டிரைவர்ல லேட்டன்சி டைமர்னு ஒண்ணு, வழக்கமா 16 மில்லிசெகண்ட்ல இருக்கும், சின்ன சின்ன பதில அவ்ளோ நேரம் கையில வெச்சுக்கிட்டு தான் மேல குடுக்கும். விண்டோஸ்ல போர்ட் செட்டிங்குக்குள்ள அட்வான்ஸ்டுல போய் அத 1ன்னு மாத்தினேன், ஸ்கேன் பண்றது கண்ணுக்கே தெரியிற அளவு வேகமாச்சு. இது கேபிளோட வந்த காகிதத்துல ஒரு வரி கூட இல்ல, போட்டிருக்கலாம்.

சரி, இத வெச்சு என்ன தான் பண்றேன். ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி நாப்பது அலைவரிசைய ஒரு லிஸ்ட்ல போட்டு ஸ்கிரிப்ட ஓட விட்டுடுவேன், ஒவ்வொண்ணுக்கும் போய் சிக்னல் அளவ கேக்கும், அதுக்கு கமாண்ட் 15 02, 0ல இருந்து 255க்குள்ள ஒரு நம்பர் வரும், நேரத்தோட சேத்து ஃபைல்ல எழுதிடும். காலையில அந்த ஃபைல வரைபடமா போட்டுப் பாக்குறது எனக்கு பேப்பர் படிக்கிற மாதிரி ஆயிருச்சு. ஒரு அலைவரிசை செத்துப் போச்சுன்னு நெனச்சு மெமரில இருந்தே அழிச்சிருந்தேன், சும்மா லிஸ்ட்ல இருக்கட்டும்னு விட்டா ராத்திரி முழுக்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சின்னதா எந்திரிச்சு படுத்திருக்கு, குச்சி நட்ட மாதிரி வரிசையா. உக்காந்து கேட்டப்ப தான் தெரிஞ்சது, தூரத்துல ஒரு ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி திரும்ப அனுப்புற நிலையம்) தன் பேர மோர்ஸ்ல சொல்லிக்கிட்டு இருக்கு. கையால திருப்பிக்கிட்டு இருந்தவரைக்கும் அது பேசுற அந்த சில நொடியில நான் அங்க ஒரு தடவ கூட இருந்ததில்ல. எதக் கேக்கலாம் எதக் கேக்கக் கூடாதுங்கிறது நாட்டுக்கு நாடு வேற, அத பாத்துக்கிட்டு லிஸ்ட் போடுங்க.

இன்னொரு உபயோகம் விண்வெளி நிலையம். அது 145.800 மெகாஹெர்ட்ஸ்ல பூமிய பாத்து பேசும், ஆனா நம்மள நோக்கி வரும்போது 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கூட்டியும் விலகிப் போகும்போது அதே அளவு குறைச்சும் கேக்கும், டாப்ளர் தான் காரணம், நகர்ற பொருள்ல இருந்து வர்ற அலை கூடி குறையிறது. ஒரு தடவ தலைக்கு மேல போறதே பத்து நிமிஷம் போல தான், அந்த நேரத்துல ஒரு கையில யாகி ஆண்டெனா (ஒரு பக்கமா பாத்து பிடிக்கிறது), இன்னொரு கையில ரேடியோ, எத பிடிப்பீங்க எத திருப்புவீங்க. இப்ப ஹேம்லிப்ல இருக்கிற, ரேடியோவுக்கு கமாண்ட் அனுப்புற ரிக்சிடிஎல்டி புரோகிராம ஓட விட்டு, சாட்டிலைட் எங்க இருக்குன்னு கணக்கு போடுற ஜிபிரெடிக்ட்ட 4532ங்கிற போர்ட்ல அதோட சேத்து விட்டுட்டா டியூனிங் தானா நடக்குது, என் ரெண்டு கையும் ஆண்டெனாவுக்கு தான். கடைசி ஒரு நிமிஷம் அடிவானத்துக்கு கிட்ட போகும்போது முன்னெல்லாம் கரகரன்னு உடைஞ்சு போற குரல் இப்ப முழுசா கேக்குது.

இப்ப குறைங்க. முதல் குறை இரைச்சல். கேபிள சொருகின உடனே சில அலைவரிசைல ஒண்ணுமே இல்லாதப்பவும் மீட்டர் ஏறி நின்னுச்சு. யுஎஸ்பி பக்கம் புடுங்கினா இறங்குது, சொருகினா ஏறுது. ரேடியோ மேலயே ஆண்டெனா, அதுல இருந்து ஒரு சாண் தள்ளி கம்ப்யூட்டர் ஒயர், வேற எப்படி இருக்கும். ஜாக் பக்கத்துல ஃபெரைட் வளையம் (ஒயர்ல வர்ற இரைச்சல அடக்குறது) மாட்டி மூணு சுத்து சுத்தினேன், பாதி குறைஞ்சது. லேப்டாப் சார்ஜர கழட்டினா இன்னும் குறைஞ்சது. கடைசியில ரேடியோவோட பிஎன்சில (ஆண்டெனா மாட்டுற இடம்) கோஆக்ஸ் ஒயர் போட்டு ஆண்டெனாவ ஜன்னலுக்கு வெளிய தள்ளின அப்புறம் தான் மீட்டர் நிஜமாவே கீழ படுத்துச்சு. ஃபெரைட்ட கேபிளோடவே குடுத்திருக்கணும், பெரிய செலவு ஒண்ணும் இல்ல, ரிசீவருக்குன்னு விக்கிற பொருள்ல இது இல்லாதது எனக்கு வருத்தம் தான்.

ரெண்டாவது, ஜாக்குக்கு பின்னாடி ஒயர் வளையிற இடம் மெலிசு. ரேடியோவ நிமித்தி வெச்சா கேபிளோட எடையே அந்த இடத்த இழுக்குது. மூணாவது மாசம் ராத்திரி லாக்ல நடுவுல ஓட்டை ஓட்டையா விழ ஆரம்பிச்சுது, பாத்தா அங்க தான் உள்ள கம்பி விட்டு விட்டு தொடுது. ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணினா சுருங்குற குழாய்) ரெண்டு அடுக்கு போட்டு இறுக்கினேன், இப்ப வரைக்கும் பரவாயில்ல.

நல்லது ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இந்த சிப்புக்குள்ள தனித்தனி சீரியல் நம்பர் இருக்கு, அதனால எந்த யுஎஸ்பி ஓட்டையில சொருகினாலும் விண்டோஸ்ல அதே காம் நம்பர் தான் வரும். முதல் கேபிள்ல இருந்தது சிஎச்340 சிப், அதுல சீரியல் நம்பர் இல்ல, ஓட்டை மாறினா நம்பரும் மாறும், ஸ்கிரிப்ட ஒவ்வொரு தடவையும் திருத்தணும். லினக்ஸ் ஆளுங்க டயல்அவுட் குரூப்ல (சீரியல் போர்ட்ட தொட அனுமதி உள்ள குரூப்) பேர சேத்துக்குங்க, இல்லனா பெர்மிஷன் இல்லன்னு திருப்பி அனுப்பிடும்.

வேற ரேடியோ வெச்சிருக்கவங்க இத வாங்காதீங்க. ஏஓஆர் ஏஆர்8200க்கு பேச்சே வேற, அது எழுத்தா தான் கேக்கும், ஆர்எஃப்னு எழுதி பின்னாடி நம்பர போட்டா போய் நிக்கும், ஒயரும் வேற. யூனிடன் பிசி125ஏடில யுஎஸ்பி ரேடியோவுலயே இருக்கு, நடுவுல இந்த டப்பாவே வேண்டாம். அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற 9 பின் சீரியல் போர்ட்ட ஒயர் வெட்டி நேரா ரேடியோவுல ஒட்டுறது கூடவே கூடாது, அதுல மைனஸ் 12ல இருந்து பிளஸ் 12 வரைக்கும் வோல்ட் வரலாம், ரேடியோ எதிர்பாக்கிறது 0வும் 5ம் தான், போறாததுக்கு தலைகீழா வேற இருக்கும். அதுக்கு தான் ஐகாமே அப்ப சிடி-17னு ஒரு லெவல் கன்வெர்ட்டர் பெட்டி வித்தாங்க, 4 ரேடியோ வரைக்கும் மாட்டலாம். எங்கயாவது பழசா நல்ல நிலைமைல கெடச்சா, உங்க கம்ப்யூட்டர்ல நிஜ சீரியல் போர்ட்டும் இருந்தா, அது இந்த கேபிள விட உறுதியான பொருள்.

எனக்கு இந்த கேபிளே போதும். இத எழுதும்போது கூட பக்கத்துல ஓடிக்கிட்டு தான் இருக்கு, டப்பாவுல பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு, முப்பத்தி ஏழாவது அலைவரிசைல ஏதோ எந்திரிச்சிருக்கு, என்னன்னு போய் கேக்குறேன்.