செத்துப்போன ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சிஎஃப் அடாப்டர்

பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி ஓட வைப்பவர்கள் எல்லாருக்கும் என்றாவது ஒருநாள் ஹார்டு டிஸ்க் பிரச்சினை வந்தே தீரும். மதர்போர்டு தாங்கும், ராம் தாங்கும், பயாஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) பேட்டரி போனால் ஒரு சிஆர்2032 பட்டன் செல் மாற்றினால் முடிந்தது. ஆனால் ஓயாமல் சுழலும் தட்டும் பேரிங்கும் உள்ள ஒரு பொருள் இத்தனை வருடம் ஓடியதே பெரிய விஷயம். என் பென்டியம் 3 மெஷினில் இருந்த டிஸ்க் முதலில் ஊளையிட ஆரம்பித்தது, அப்புறம் டக் டக் என்று தட்டியது, கடைசியில் பயாஸ் கண்ணுக்கே படாமல் போய்விட்டது. அந்த இடத்தில் போட்டதுதான் இந்த ஐடிஇ – காம்பாக்ட் ஃபிளாஷ் அடாப்டர், அதாவது கேமராவில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் (சிஎஃப்) மெமரி கார்டைப் பழைய ஹார்டு டிஸ்க்கின் ஐடிஇ கேபிளில் மாட்ட உதவும் போர்டு. அந்த மெஷினை நான் இன்றும் உட்கார்ந்து பயன்படுத்துகிறேன் என்றால் அதற்கு இதுதான் காரணம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருளாகப் பார்த்தால் ரொம்ப எளிமை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டு, ஒரு பக்கம் 40 பின் ஐடிஇ, மறுபக்கம் 50 பின் கார்டு செருகும் இடம், ஃபிளாப்பி டிரைவுக்குப் போகும் அதே சின்ன நான்கு பின் பவர், ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது முதல், எது இரண்டாவது என்று குறிக்கும் ஒரு மாஸ்டர்–ஸ்லேவ் ஜம்பர், அவ்வளவுதான். நடுவில் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் கிடையாது. 1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்த வகைக் கார்டுக்கு ஐடிஇ டிஸ்க்குகள் பேசும் ஏடிஏ மொழி பிறவியிலேயே தெரியும், கம்பியைக் கம்பியோடு சேர்த்துவிட்டால் போதும், மெஷின் அதை ஒரு ஹார்டு டிஸ்க் என்றே நம்பிவிடும். டிரைவர் வேண்டாம், விண்டோஸுக்கு முந்தைய டாஸிலும் வேலை செய்யும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கேபிளின் திசை. சிவப்புக் கோடு உள்ள ஓரம்தான் பின் 1. என் அடாப்டரில் கனெக்டரைச் சுற்றி பிளாஸ்டிக் சட்டம் இல்லை, வெறும் பின்கள்தான். 20ஆவது பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். கேபிளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தால் திருப்பிச் செருக முடியாது, அடைக்காத கேபிள் என்றால் போர்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்துத்தான் செருக வேண்டும். இந்தச் சட்டம் இல்லாததற்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

பவர் போட்டு, டெலீட் கீயைத் தட்டி, பயாஸில் ஐடிஇ ஆட்டோ டிடெக்ட் கொடுத்ததும் நீலத் திரையில் கார்டின் பெயர் வந்து நின்றது. அந்த ஒரு வரியைப் பார்த்ததில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, பழைய மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

அடுத்து வருவதுதான் பலர் தடுமாறும் இடம். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பார்ட்டிஷன் உருவாக்கி, ஆக்டிவ் என்று குறித்து, ஃபார்மேட்டும் செய்த பிறகும் பூட் ஆகாமல் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நிற்கலாம். உடனே அடாப்டர் மேல்தான் சந்தேகம் போகும். உண்மையில் கேமராவுக்காகத் தயாரான கார்டின் முதல் செக்டரில் பூட் ஆவதற்கான நிரல் இருப்பதில்லை, அங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே என்று எஃப்டிஸ்க்கும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. பூட் ஃபிளாப்பியிலிருந்து எஃப்டிஸ்க் /எம்பிஆர் என்று ஒரு முறை கொடுத்தால் சரியாகிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் டிஎம்ஏ, அதாவது ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேராக ராமுக்குக் கொண்டுபோகும் முறை. மலிவான சில அடாப்டர்களில் டிஎம்ஏவுக்கான கம்பிகளை இணைத்திருக்க மாட்டார்கள். கார்டோ எனக்கு டிஎம்ஏ தெரியும் என்று சொல்லும், விண்டோஸ் அதை நம்பி முயற்சி செய்யும், பாதியில் தொங்கி நிற்கும். முன்பு என்னிடம் இருந்த ஒன்று இப்படித்தான், விண்டோஸில் டிஎம்ஏ டிக்கை எடுத்துவிட்டு, ப்ராசஸரே தரவைச் சுமக்கும் பிஐஓ முறையில் ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ப்ராசஸர் மூச்சு வாங்கியது. இப்போதுள்ளதில் அந்தத் தொல்லை இல்லை. என் போர்டு 440பிஎக்ஸ் சிப்செட், அதன் உச்சமே யூடிஎம்ஏ 33 என்ற டிஎம்ஏ வகை, நொடிக்கு 33 எம்பி. அதற்கு ஒரு நல்ல கார்டு தாராளம்.

வேகம் என்று பார்த்தால், பழைய டிஸ்க் ஒவ்வொரு சின்னக் கோப்பையும் தேடிப்போக ஏறத்தாழ 10 மில்லி செகண்ட் எடுக்கும், கார்டில் அந்தத் தேடலே கிடையாது. ஸ்டார்ட் மெனு தொட்டவுடன் திறக்கிறது. 1999இல் வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன் இவ்வளவு லேசானது என்று அந்தக் காலத்தில் நமக்குத் தெரியவே இல்லை, டிஸ்க்தான் அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கொள்ளளவில் பேராசை வேண்டாம். 486 ப்ராசஸர் காலத்து பயாஸ் பலவும் 504 எம்பிக்கு மேல் பார்க்காது, அதற்குப் பின் வந்த பலவற்றுக்கு 8.4 ஜிபி எல்லை, அவார்டு நிறுவனத்தின் பயாஸ் சிலவற்றில் 32 ஜிபியைத் தாண்டினால் மெஷினே உறைந்துவிடும். டாஸ் 6.22 மட்டும் போதும் என்றால் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிதான். நான் 8 ஜிபி கார்டு போட்டிருக்கிறேன், நிரப்ப வழி தெரியவில்லை.

எழுதி எழுதிக் கார்டு தேய்ந்துவிடாதா என்ற கவலை நியாயமானது. 256 எம்பி ராம் போட்டு, சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் கன்சர்வேட்டிவ் ஸ்வாப்ஃபைல் யூசேஜ் வரியை 1 ஆக்கினால் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கைத் தற்காலிக ராமாகப் பயன்படுத்துவது) எழுதுவது வெகுவாகக் குறையும். அதற்காக 512 எம்பிக்கு மேல் ராம் ஏற்றாதீர்கள், டிஸ்க் தரவை ராமில் தேக்கிவைக்கும் விண்டோஸ் 98இன் கேஷ் தகராறு செய்யும்.

ஒரு இழப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். டிஸ்க்கின் அந்தக் கறகற சத்தம் போய்விட்டது. விளையாட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறதா, மெஷின் உறைந்துவிட்டதா என்பதை நாம் காதால்தான் அறிந்துவந்தோம். இப்போது கேபினெட் முன்னால் உள்ள சிவப்பு விளக்கு மட்டும் துடிக்கிறது. அந்தச் சத்தத்தைச் செயற்கையாக எழுப்பும் குட்டி போர்டுகளும் வருகின்றன, எனக்கு மனம் ஒப்பவில்லை. மானிட்டர் ஆன் ஆகும்போது வரும் டொய்ங், ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர் 16இன் எஃப்எம் இசை, இரண்டும் அசலாகவே இருக்கின்றன, எனக்கு அது போதும்.

முடிந்தால் கேபினெட்டின் பின்பக்கம் பிராக்கெட்டில் பொருத்தும் வகையை வாங்குங்கள். டாஸுக்கு ஒரு கார்டு, 98க்கு ஒரு கார்டு என்று வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமலே மாற்றலாம். ஆனால் பவரை அணைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். உருவிய கார்டைப் புது கம்ப்யூட்டரின் ரீடரில் போட்டு கோப்புகளை நேரடியாக ஏற்றலாம், முழுக் கார்டையும் ஒரே இமேஜாக எடுத்தும் வைக்கலாம். ஃபிளாப்பி ஃபிளாப்பியாகச் சுமந்த காலத்தை நினைத்தால் இதுவே எனக்குப் பெரிய வசதி.

எல்லாம் அந்தக் காலத்து அசல் உதிரியாகவே இருக்க வேண்டும் என்று காட்சிக்கு வைப்பவர்களுக்கு இது சரிவராது. மெஷினை ஓட்ட வேண்டும், எழுத வேண்டும், விளையாட வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். உங்கள் பழைய டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கார்டுக்கு நகல் எடுத்துவிடுங்கள், அதில் உள்ள சவுண்ட் கார்டு டிரைவரும் உங்கள் சேவ் கோப்புகளும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.