மெனிஞ்சைட்டிஸில் காது போனவர்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட்: போட்டுக்கொண்டவன் எழுதும் விமர்சனம்

பெரியவனான பிறகு பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் (மெனிஞ்சைட்டிஸ்) இரண்டு காதும் போய், காக்ளியர் இம்ப்ளான்டோடு வாழ்கிறேன்; அறுவை சிகிச்சையில் உள்காதுக்குள் வைத்து, கேள் நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி அது. கருவி நல்ல கருவி, தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று அலசிக்கொண்டே நாள் கடத்தாதீர்கள்.

இந்தக் காய்ச்சலின் அழற்சி உள்காதுக்குள் இறங்கினால், திரவம் இருக்க வேண்டிய நத்தைச் சுருளில் (காக்ளியா) முதலில் நார்த்திசு படரும், அப்புறம் எலும்பே வளர்ந்து அடைத்துவிடும், அதுவும் சிலருக்குச் சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடும். அடைத்த பிறகு, கருவியின் மின்முனைகள் வரிசையாக உள்ள எலக்ட்ரோடு கம்பியை முழுதாக நுழைக்க முடியாமல் எலும்பைக் குடைந்து வழி செய்ய வேண்டியிருக்கும், பலனும் குறையலாம். படிப்படியாக வரும் மற்ற காது கேளாமைக்குப் பெரும்பாலும் "ஹியரிங் எய்டு போட்டுக் கொஞ்ச மாதம் பார்ப்போம்" என்பது சரி, இதற்குச் சரிவராது. காய்ச்சல் தணிந்ததுமே செவித்திறன் பரிசோதனை, கேட்கவில்லை என்றால் உடனே எம்ஆர்ஐ கேளுங்கள். சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும், அதற்கு முந்தைய நார்த்திசு அதில் தெரியாமல் போகலாம். இரண்டு காதும் அடைபடலாம் என்பதால் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் வைக்கச் சொல்வார்கள்.

ஸ்விட்ச் ஆன் செய்த அன்று யார் பேசினாலும் கீச்சுக் கீச்சென்றுதான் கேட்டது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. மனம் விட்டுவிடாதீர்கள், மூளை பழகப் பழக அதே கீச்சுக்குள்ளிருந்து சொற்கள் பிரிந்து வரும். மேப்பிங்கில், அதாவது கருவியின் மின்னளவை நம் காதுக்கேற்ப அமைக்கும்போது, ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒவ்வொரு மின்முனையாக மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே வந்தபோது ஒன்றில் சத்தத்துக்குப் பதில் கன்னம் வெட்டி இழுத்தது. முகநரம்பு தூண்டப்படுகிறது என்று அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிட்டார். எலும்பு வளர்ந்த காதுகளில் இது நடக்கும், வாய்விட்டுச் சொல்லுங்கள். மெனிஞ்சைட்டிஸில் காது போன எங்களுக்கு மேப்பிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டிவரலாம்.

குறைகள்? அமைதியான அறையில் நேருக்கு நேர் பேச்சு அருமை, கூட்டத்தில் திணறல். பாட்டு இன்னும் எனக்குப் பாட்டாக வரவில்லை, அது வலிக்கிறது. காய்ச்சலோடு போன உடல் சமநிலையையும் இது திருப்பித் தராது, இருட்டில் நடக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசியை, முடிந்தவரை அறுவை சிகிச்சைக்கு முன்பே, போட்டுக்கொள்ளுங்கள். இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். காதில் சீழ், காய்ச்சல், கழுத்து விறைப்பு என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.